ரோட்டோரத்திலேயே 400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிவிட்டேன், இனி போலீஸ் ரிப்போர்ட் செய்யலாமா?

செந்தூல் மைவி:
நேற்று மாலை ஆறேகால், நல்ல மழை. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்குக்கு என் மைவி காரில் நின்றிருந்தேன், பின்னால் வந்த சிவிக் கார் வந்து இடித்தது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் கையகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த ஆள் ரொம்பப் பணிவாக, "அக்கா, ரிப்போர்ட் போனால் எனக்கு சம்மன் வரும், இங்கேயே செட்டில் பண்ணிக்கொள்வோம்" என்று 400 வெள்ளியை நீட்டினார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன், டியூஷனில் மகன் வேறு காத்திருக்கிறான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை பூட், அதுதான் பின்னால் சாமான் வைக்கும் இடம், மூடவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பம்பரைத் தூக்கிக் காட்டினார்கள், உள்ளே இரும்புச் சட்டம் உள்வாங்கி, பூட்டின் தரைத் தகடு மடிந்து கிடக்கிறது. 1,350 வெள்ளியாம். அந்த ஆள் போனை எடுக்கவில்லை. கார் நம்பரை மட்டும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பணம் வாங்கிய பிறகு ரிப்போர்ட் செய்தால் நானே மாட்டிக்கொள்வேனா? இப்போது மணி பதினொன்று.

பிரிக்பீல்ட்ஸ் ஏஜென்ட்:
தங்கச்சி, மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் கிளம்புங்கள். மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 52-வது பிரிவு 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லச் சொல்கிறது, உங்களுக்கு இன்று மாலை ஆறேகால் வரைதான் நேரம். கையில் காசு வாங்கியதால் அந்தக் கடமை போய்விடாது. 400 வாங்கியதையும் மறைக்காமல் ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் அவர் வாயால் அது வெளிவந்தால்தான் அசிங்கம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை என்றால் நல்லது. காரையும் கொண்டுபோங்கள், படம் எடுப்பார்கள், அதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ஆணியைக்கூட முடுக்க வேண்டாம்.

உங்கள் கார் சேதத்துக்கும் பணம் தருகிற ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தானே? அப்படியானால் ஏஜென்டிடம் "ஓடி கேஎஃப்கே" (ஓன் டேமேஜ், நாக் ஃபார் நாக்) என்று சொல்லிக் கேளுங்கள். தப்பு உங்களுடையது இல்லை என்று போலீஸ் முடிவு வந்தால், உங்கள் கம்பெனியிலேயே கிளைம் செய்யலாம், என்சிடியும், அதாவது கிளைம் செய்யாமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியும், போகாது. இதைச் சொல்லாமல் சாதாரண ஓன் டேமேஜ் போட்டால் ஐந்து வருஷம் சேர்த்த 55 விழுக்காடு ஒரே நாளில் பூஜ்யம். கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க 7 நாள்தான், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் மட்டும் அது நீளும்.

இரண்டு பாலத்து ஆள், பினாங்கு:
அக்கா, நான் பட்ட கதையைக் கேளுங்கள். ஜெலுத்தோங் பக்கம் ஒரு மோட்டோர் சைக்கிள் என் காரின் ஓரத்தில் உரசி விழுந்தது, பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, 150 வெள்ளி கொடுத்தேன், கை குலுக்கிப் பிரிந்தோம். மூன்றாம் நாள் போலீஸிலிருந்து போன், நான் இடித்துவிட்டு ஓடிப்போனதாக ரிப்போர்ட் இருக்கிறதாம். என் பக்கத்தைச் சொல்ல என்னிடம் ஒரு ரிப்போர்ட்டும் இல்லை. டேஷ்கேம் இருக்கிறதே என்று தைரியமாக கார்டைக் கழற்றிப் பார்த்தால், அது சுற்றிச் சுற்றிப் பழையதன் மேலேயே பதிந்துவிட்டது. அன்றே லாக் பட்டனை அமுக்கி கார்டை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது டேஷ்போர்டில் ஒரு பேனா, ஒரு நோட்டு, பவர்பேங்க். 2023-லிருந்து ரோட்டெக்ஸும் (சாலை வரி) லைசென்ஸும் போனுக்குள் போய்விட்டதால் பேட்டரி செத்தால் கையில் ஒன்றுமே இல்லை. காரை நகர்த்தும் முன் ரோட்டுக் கோடும் தெரிகிற மாதிரி இரண்டு காரையும் சேர்த்து ஒரு படம், அப்புறம்தான் கிட்டப் போய் எடுப்பேன். பினாங்கின் பழைய பாலத்தில் கார் நின்றுவிட்டால் நெடுஞ்சாலைக் கம்பெனியின் பிளஸ் லைன் 1800-88-0000, அடிபட்டிருந்தால் 999. கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்குவான், எவ்வளவு கேட்பான் என்று அவனுக்குத்தான் தெரியும்.

சும்மா படிப்பவன்:
எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட்டா? மாலில் பார்க் செய்யும்போது கீறினாலும் அரை நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டுமா? நான் இரண்டு தடவை செட்டில் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஏஜென்ட்:
ஆகவில்லை, சரி, உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் இவர் பம்பருக்கும் வெளியே வெறும் பெயிண்ட்தான் போயிருந்தது, தம்பி.

கெப்போங் நர்ஸ்:
காரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கழுத்து எப்படி இருக்கிறது? பின்னால் இடித்தால் வலி மறுநாள்தான் தெரியும், கிளினிக்கில் காட்டி எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து வரும் வழி என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கெசோவிலும் இழப்பீடு கேட்கலாம், போலீஸ் ரிப்போர்ட், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), நீங்கள் போன பாதையின் வரைபடம் வேண்டும். டியூஷனுக்குத் திரும்பிய வழியா என்று கேள்வி வரலாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

செந்தூல் மைவி:
இப்போதுதான் ஜாலான் துன் எச்.எஸ். லீ டிராபிக் போலீஸிலிருந்து வருகிறேன். உள்ளே நின்றதைவிட பார்க்கிங் தேடியதுதான் அதிக நேரம். 400 வாங்கியதைச் சொன்னேன், திட்டுவார் என்று பார்த்தால் அந்த சார்ஜன் தலையை ஆட்டிவிட்டு அதையும் டைப் செய்தார். கையெழுத்து எதிலும் போடவில்லை அண்ணே. நோட்டை அப்படியே உறையில் போட்டு வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் உங்கள் கம்பெனியில் கேட்டுச் சொல்லுங்கள். சிஸ்டர், இடது பக்கம் திரும்பினால் கழுத்து இழுக்கிறது, கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டேன்.