மாணிக்கக் காலணித் திருட்டு: சிறை இல்லாமல் விட்டது சரியா?

கொட்டகைக்காரன்:
தெரியாதவர்களுக்கு முதலில் கதை. 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்துக்காகச் செய்த சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி, படத்தின் நாயகி ஜூடி கார்லண்ட் பிறந்த ஊரான மினசோட்டாவின் கிராண்ட் ராபிட்ஸில், அவர் பெயரிலேயே இருக்கும் அருங்காட்சியகத்திலிருந்து 2005 ஆகஸ்டில் திருடு போனது. மைக்கேல் ஷா என்ற சேகரிப்பாளர் இரவல் கொடுத்திருந்த ஜோடி அது. 2018-ல் எஃப்.பி.ஐ. மீட்டது. திருடிய டெர்ரி ஜான் மார்ட்டின் 2023-ல் ஒப்புக்கொண்டார். 2024 ஜனவரியில் தண்டனை என்ன தெரியுமா? சிறை கிடையாது. மியூசியத்துக்கு 23,500 டாலர், அதையும் மாதம் 300 டாலராகக் கட்டினால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறரை வருஷத் தவணை! இதற்குப் பெயர் தண்டனையா?

வாய்தா வரதன்:
அண்ணே, அவருக்கு அப்போது வயது 76. சக்கர நாற்காலியில், ஆக்சிஜன் குழாயோடு கோர்ட்டுக்கு வந்தார். நுரையீரல் போய், கடைசிக்காலப் பராமரிப்பில் இருந்த மனிதர். அரசுத் தரப்பும் அவர் வக்கீலும் சேர்ந்துதான் சிறை வேண்டாம் என்றார்கள். உள்ளே தள்ளினால் மருத்துவச் செலவு அரசாங்கத்துக்கு, ஊருக்கு என்ன லாபம்? நீதிபதி ஒன்றும் செல்லம் கொடுக்கவில்லை. ஈடு செய்ய முடியாத ஒரு பொருளைத் திருடி அழிக்கத்தான் இவர் நினைத்தார் என்று சொல்லிவிட்டுத்தான் தீர்ப்பே கொடுத்தார்.

செண்பகம்:
அழிக்க நினைத்தார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள், அதில்தான் வேடிக்கையே இருக்கிறது. அத்தனையும் நிஜ மாணிக்கக் கல், பிடுங்கி விற்றுவிடலாம் என்று எண்ணித்தான் சுத்தியலோடு போயிருக்கிறார். படத்தையே பார்த்ததில்லையாம்! திருட்டு நகை வாங்குபவன் இது வெறும் கண்ணாடி என்று சொன்னதும் இரண்டு நாளுக்குள் கைகழுவிவிட்டார். உண்மையில் அது பெரும்பாலும் துணியில் தைத்த ஜிகினா. படத்துக்கு மூலமான நாவலில் வெள்ளிக் காலணிதான். கலர் படத்தில் எடுப்பாகத் தெரியவேண்டுமென்று சிவப்பாக்கினார்கள். அந்த ஜிகினாவில் ஒன்றே ஒன்று உடைந்த பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. போலீசுக்குக் கிடைத்த தடயம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பூட்டுச்சாவி:
எல்லோரும் திருடனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த பொருளை வைத்திருந்த இடத்தில் கேமரா பதிவு இல்லை, அலாரம் போலீசுக்குப் போய்ச் சேரவில்லை. சுத்தியலால் கதவுக் கண்ணாடியையும் காட்சிப் பெட்டியையும் உடைக்க முடிகிறது என்றால் அது பாதுகாப்பா? நான் காப்பீட்டுக் கம்பெனியாக இருந்திருந்தால் ஷாவுக்குக் கொடுத்த அந்த 8 லட்சத்தைக் கொடுப்பதற்குள் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

செண்பகம்:
பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். ராத்திரி பெட்டகத்தில் எடுத்து வைக்கிறோம் என்று தாங்கள் கேட்டதாகவும், ஊழியர்கள் கைபடக் கூடாது என்று ஷா மறுத்ததாகவும் மியூசியத் தரப்பு சொன்னது. அப்புறம் ஊர் பட்ட பாட்டைப் பாருங்கள். மியூசியத்தில் வேலை செய்தவர்கள் மேல் சந்தேகம், ஷா மேல் சந்தேகம், ஊர்ப் பையன்கள்தான் எடுத்துப் பழைய சுரங்கக் குழித் தண்ணீரில் வீசிவிட்டார்கள் என்று வதந்தி. 2015-ல் ஆள் இறக்கி முங்கித் தேடவே செய்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். 13 வருஷம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்ததற்கு எந்தத் தவணையில் நஷ்டஈடு?

கொட்டகைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தாயி! மார்ட்டின் அந்த 13 வருஷத்தில் ஒரு மொட்டைக் கடிதாசி போட்டிருந்தால்கூட அந்தப் பேச்செல்லாம் நின்றிருக்கும். ஆள் கிழவனாகும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கிழவன் என்பதற்காகவே தப்பிப்பது என்ன நியாயம்?

வாய்தா வரதன்:
அவர் வாயைத் திறக்காதது தப்புதான். ஆனால் 2024-ல் இருந்த ஆளுக்குத்தான் 2024-ல் தண்டனை கொடுக்க முடியும். உங்கள் கோபம் 2005-ல் இருந்த ஆள் மேல்.

பூட்டுச்சாவி:
சரி, நஷ்டம் யாருக்கு என்று பார்ப்போமா? 2024 டிசம்பரில் டல்லாஸில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் இதே ஜோடி 2.8 கோடி டாலருக்குப் போனது, கட்டணம் சேர்த்து 3.25 கோடி. அதற்கு முன் சினிமாப் பொருள் ஏலத்தில் சாதனை மர்லின் மன்றோவின் வெள்ளை கவுன், கட்டணத்தோடு சுமார் 55 லட்சம். திருட்டு, எஃப்.பி.ஐ., கோர்ட் எல்லாம் சேர்ந்துதான் விலையை இப்படித் தூக்கிவிட்டது. ஷாவுக்கு மார்ட்டின் விளம்பரமே செய்து கொடுத்திருக்கிறார்.

வாய்தா வரதன்:
விளம்பரம் மட்டும் காரணமில்லை. மிஞ்சியதாகத் தெரிவது நாலே ஜோடி. ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். ஒன்றை 2012-ல் டிகாப்ரியோ, ஸ்பீல்பெர்க் எல்லாம் பணம் போட்டு ஆஸ்கர் அகாடமி மியூசியத்துக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஏலத்துக்கு வருவதே அபூர்வம். இன்னொன்று, மீட்டதை ஸ்மித்சோனியன் ஜோடியோடு வைத்துப் பார்த்தபோது இரண்டும் கால் மாறிக் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கே இருக்கும் ஒரு காலுக்கு உண்மையான துணை இங்கே. இப்படிப்பட்ட பொருளுக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்?

செண்பகம்:
ஏறட்டும். ஆனால் மீட்டு வாங்கலாம் என்று அந்தச் சின்ன மியூசியம் நிதி திரட்டியது, மினசோட்டா அரசு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. 2.8 கோடிக்கு முன்னால் ஒரு லட்சம்! ஷாவுக்குப் பொருள் திரும்ப வந்தது, ஏலக்காரருக்குக் கமிஷன் வந்தது. கிராண்ட் ராபிட்ஸுக்கு 300 ரூபாய் சீட்டு மாதிரி ஒரு தவணை, அதுவும் ஆள் இருக்கும்வரை.

பூட்டுச்சாவி:
அதனால்தான் சொல்கிறேன். ராத்திரி பெட்டகம் கூடாது என்று பொருள்காரர் சொன்னால், இரவலே வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

செண்பகம்:
அப்படி ஆரம்பித்தால் சின்ன ஊர்களுக்கு ஒரு நல்ல பொருள்கூட வராது. எல்லாம் வாஷிங்டனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும்தான் போகும். பரவாயில்லையா?

பூட்டுச்சாவி:
பரவாயில்லை. ஜூடி சின்ன வயதில் இருந்த வீடு அங்கேதான் இருக்கிறது, அதை யாரும் சுத்தியலோடு வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது.