ஆறாத கால் புண்ணுக்கு நல்ல பாக்டீரியா: இங்கேயும் முயன்று பார்க்கலாமா?

சிப்புட்_மகன்
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). குதிகால் புண் மாதக்கணக்காக ஆறவில்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்வரை அடங்குகிறது. நிறுத்தினால் டிரெசிங் துணி மறுபடி பச்சையாக நனைந்துவிடுகிறது. சூடோமோனாஸ் கிருமியாம். அர்ஜென்டினாவில் இதுபோன்ற கால் புண்களில் லாக்டோபசிலஸ் பிளான்டாரம் என்ற நல்ல பாக்டீரியாவை நேரடியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது: கிருமி குறைந்து, புதுச் சதை வளர்ந்தது. நம் தெம்போயாக்கிலும் (புளிக்கவைத்த டுரியான்) இருக்கும் பாக்டீரியாதான். இங்கே ஏன் யாரும் பேச்செடுப்பதில்லை?

மிஸ்ஸி_அக்கா
தம்பி, அது சிறிய ஆய்வு. டிரெசிங் அறையிலேயே காலம் கழித்தவள் கேட்கிறேன்: அம்மா வீட்டுக்குள் எப்படி நடக்கிறார்? அந்தக் குதிகாலை ஊன்றித்தானே? பாரம் இறங்காமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்களா?

பால்மரத்தான்
எங்கள் தோட்டத்தில் பாட்டிமார் தயிர் வைத்துக் கட்டுவார்கள், ஆறிவிடும். இதுவும் அதுதானே?

மிஸ்ஸி_அக்கா
அது இல்லை அண்ணா. யாராவது படித்துவிட்டு இன்றைக்கே வைத்துவிடுவார்கள். வீட்டுத் தயிரில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வில் வைப்பது தனியாக வளர்த்து, சோதித்து, அளந்து எடுத்த ஒரே வகை. அதுகூட எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அபூர்வமாக ரத்தத்தில் கலந்துவிடலாம்.

சிப்புட்_மகன்
தயிர் வேண்டாம், சரி. ஆனால் அக்கா, சூடோமோனாஸ் தங்களுக்குள் ரசாயன சைகை அனுப்பித்தான் கூட்டம் சேர்ந்து படலம் கட்டுகிறது. படலத்துக்குள் போய்விட்டால் ஆன்டிபயாட்டிக் சரியாக எட்டாது. பிளான்டாரம் அந்தச் சைகையையே குலைக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஸ்வீடனில் உப்சாலா ஆய்வாளர்கள் வேறொரு லாக்டோபசிலஸை மாற்றியமைத்து, புண் ஆறத் தேவையான ஒரு புரதத்தை அதையே சுரக்க வைத்தார்கள். 2018-இல் எலிகளுக்குப் புண் சீக்கிரம் மூடியது. நம் நாட்டில் 2023 கணக்கெடுப்புப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்த ஆய்வு முதலில் நடக்க வேண்டிய இடமே இதுதான். கால் விரலை எடுத்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

மிஸ்ஸி_அக்கா
ஆய்வு நடக்கட்டும், நானும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு சிக்கலை யாரும் சொல்வதில்லை. இப்போது கிருமி பிடித்த புண்ணுக்கு வைக்கிற சில்வர் டிரெசிங், ஐயோடின் எல்லாம் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. கிருமி முற்றினால் காலே போகும் நோயாளிக்கு, கையில் இருப்பதை எடுத்துவிட்டு உயிருள்ள பாக்டீரியாவை வைக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குச் சம்மதிப்பீர்களா?

சிப்புட்_மகன்
டாக்டர் தினமும் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் சம்மதிப்பேன். சில்வர் வைத்தும்தான் ஆறவில்லையே.

மிஸ்ஸி_அக்கா
அதற்கு முன்னால் காலில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் படாத செருப்பையும் கேளுங்கள். ரத்தம் போகாத காலில் நல்ல பாக்டீரியா வைத்தாலும் சதை எங்கிருந்து வளரும்?

சிப்புட்_மகன்
அடுத்த டிரெசிங் வியாழக்கிழமை. இரண்டையும் கேட்கிறேன் அக்கா. பாக்டீரியா பற்றியும் கேட்பேன்.