அரசன்ரை கொடியைத் தாங்கிறவன்: மேடைப் போருக்கு அனுபவப் பகிர்வு

கற்பனை நாட்டுப் போரைக் காட்டுற மேடை நாடகத்திலை, அரசன்ரை கொடிக்காரனையும் அவன்ரை விசுவாசத்தையும் எப்பிடிக் காட்டுறது எண்டு கேட்டதுக்கு வந்த பதில்கள் இவை.

நல்லூரிலிருந்து:
கற்பனை நாட்டுப் போர் எண்டாலும் கொடிக்காரன்ரை வேலை மாறாது. கொடி நிக்கிற இடத்திலைதான் அரசன் நிக்கிறான் எண்டு படை நம்பும். கொடி பின்னுக்குப் போனால், அரசன் பின்வாங்கிறான் எண்டு பார்க்கிற சனமும் நினைக்கும். அரசனுக்கு இடப்பக்கம், ஒரு எட்டுப் பின்னாலை நிப்பாட்டுங்கோ. வலப்பக்கம் வாள் வீச வேணும். கொடிக்காரனுக்குக் கேடயம் பிடிக்கக் கை இல்லை. ரெண்டு காவலாளை அவனுக்கெண்டே ஒதுக்க வேணும். இதையெல்லாம் விட்டுப்போட்டு வசனத்தாலை விசுவாசத்தைக் காட்டினால் எடுபடாது.

கோப்பாயிலிருந்து:
தடி 10 அடி, காய்ஞ்ச மூங்கில். துணி 4 அடி நீளம், 3 அடி உயரம், பொப்ளின் எண்ட மெல்லிய பருத்தித் துணி போதும். சாட்டின் மினுங்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் சின்னம் தெரியாது. மூங்கிலிலை துளை போடாதேங்கோ, வெடிக்கும். துணியிலை உறை தைச்சுத் தடியை நுழைச்சு, உறையின்ரை கீழ்நுனியைக் கணுவுக்கு மேலை நைலோன் கயித்தாலை இறுக்குங்கோ. அடிப்பொந்துக்கை மரக்கட்டை அடைச்சு றப்பர் மூடி போட வேணும். இல்லாட்டில் சீமெந்துத் தரையிலை குத்தக் குத்தப் பிளக்கும். உச்சி வேலை ரெஜிபோமிலை (பாரமில்லாத வெள்ளை நுரைக்கட்டி) செய்யுங்கோ. பித்தளை வேண்டாம், பாரம் மேலை ஏறினால் கை தாங்காது.

சின்னம் ஒண்டே ஒண்டு போதும். யாழ்ப்பாண அரசுக்கு நந்தி, சோழருக்குப் புலி, பாரதக்கதையிலை பீஷ்மருக்குப் பனை. எல்லாம் தூரத்திலையே தெரியிற உருவங்கள். பெயின்ற் பூசினால் துணி விறைச்சு மடிப்பிலை வெடிக்கும். நிறத்துணியை வெட்டி வைச்சுத் தைக்கிறதுதான் நல்லது. மிருகம் எண்டால் முகம் ரெண்டு பக்கமும் தடியைப் பார்க்க வேணும். மறுபக்கம் பார்த்தால், படை முன்னேறேக்கை காளை பின்னாலை ஓடுறமாதிரி இருக்கும்.

பருத்தித்துறையிலிருந்து:
நல்லூர் அண்ணை சொன்ன இடப்பக்கம் மண்டபத்துக்குச் சரி. வெளியிலை, சோளகம் எண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி ஆடியிலை, காற்றைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேணும். இடப்பக்கத்தாலை காற்று வந்தால், ஓடேக்கை தடி சரிஞ்சு துணி அரசன்ரை முகத்திலை சுத்தும். அப்ப வலப்பக்கம், ரெண்டு எட்டுப் பின்னுக்கு. தோளிலை தொங்கிற தோல் பட்டியிலை கிண்ணம் வைச்சு அடியை அதுக்கை இறக்குங்கோ, மணிக்கட்டு தப்பும். மண்டபத்துக்கை காற்றில்லாமல் கொடி செத்துத் தொங்கும். மேல்விளிம்பிலை மெல்லிய பிரம்பு நுழைச்சு, அதைத் தடியோடை குறுக்காகக் கட்டினால் விரிஞ்சு நிக்கும்.

மானிப்பாயிலிருந்து:
கொடிக்காரன் விழுற கட்டத்திலைதான் கனக்கக் கவனம் வேணும். முதல் முழங்கால், பிறகு தடியோடை கை கீழை வழுக்கிறது. அடுத்தவன் பின்னாலை வந்து, விழுந்தவன்ரை கைக்கு மேலை ரெண்டு கையாலும் பிடிக்க வேணும். பிடிச்சதுக்குப் பிறகுதான் முதல் ஆள் விடலாம். முந்தி விட்டால் 10 அடித் தடி முன்வரிசைச் சனத்தின்ரை தலையிலை விழும். இந்தக் கைமாற்றத்தை முதல் வெறும் தடியோடை பழக்குங்கோ, துணி கட்டிறது பிறகு.