வேகன் ஆர் பேட்டரி: 35க்குப் பதில் 45 போடலாமா?

மாடக்குளம்:
அப்பாவின் 2014 வேகன் ஆர், பெட்ரோல். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதோடு சரி, மற்ற நாளெல்லாம் தூக்கம்தான். 35 ஆம்பியர்-அவர் (எவ்வளவு கரண்டைச் சேர்த்து வைக்கும் என்ற அளவு) பேட்டரி போட்டு நாலு வருஷம் ஆகிறது. போன வாரத்திலிருந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டு விளக்கும் மங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கடைக்காரர் பானெட்டைத் திறக்காமலே, "35 எல்லாம் பத்தாது சார், 45 போட்டுடுங்க" என்கிறார். போடலாமா?

பழைய மெக்கானிக்:
கடைக்குப் போவதற்கு முன்னால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள் தம்பி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் இன்னொருமுறை. ஸ்டார்ட் ஆன பிறகு மூன்றாவது முறை. மூன்றையும் எழுதுங்கள்.

மாடக்குளம்:
காலையில் 11.9. திருப்பும்போது 8.3க்கு விழுந்தது. ஒயர் கொடுத்து ஓடவிட்ட பிறகு 14.2.

பழைய மெக்கானிக்:
14.2 என்றால் ஆல்டர்னேட்டர் நன்றாகவே சார்ஜ் ஏற்றுகிறது, அதில் கை வைக்க விடாதீர்கள். ஒருமுறை வெளியே சார்ஜரில் முழுதாக ஏற்றிப் பாருங்கள். அப்புறமும் திருப்பும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி முடிந்தது. நம்ம ஊர் வெயிலில் நாலு வருஷம் ஓடியதே பெரிய விஷயம்.

டாக்ஸி அண்ணன்:
45 கதைக்கு வருகிறேன். உங்கள் பழைய பேட்டரி மேல் 38பி20எல் என்று இருக்கும், பாருங்கள். அதில் 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். 45இல் நிறைய மாடல் பி24, அதாவது நாலு சென்டிமீட்டர் கூடுதல். தட்டில் உட்காராது. கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கொடுப்பார்கள், ஸ்பீடு பிரேக்கரில் ஆடிக்கொண்டே இருக்கும். கடைசி எழுத்து 'எல்' ஆ, 'ஆர்' ஆ என்பதையும் கவனியுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கிறது. மாறினால் ஒயர் எட்டாது. டெர்மினலிலும் தடி, மெல்லிசு என்று இரண்டு தினுசு உண்டு. பழசைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், வாய்ப் பேச்சே வேண்டாம்.

தேனி பஸ்:
தயாரித்த மாதத்தையும் பாருங்க. ஆறு மாதம் அலமாரியில் தூங்கியதை வாங்காதீர்கள். வாரண்டி 24+24 என்றால் நாலு வருஷமும் இலவசம் என்று நினைத்து நான் ஏமாந்தேன். முதல் 24 மாதம்தான் இலவசமாக மாற்றுவார்கள், பிந்தைய 24இல் புதுசின் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவே. கார்டில் தேதியும் சீலும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

பழைய மெக்கானிக்:
இன்னொன்று. வண்டியில் டேஷ்கேம், பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஏதாவது பிறகு மாட்டியிருக்கிறீர்களா? பூட்டி அரை மணி நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் புது பேட்டரியும் இதே கதிதான்.

மாடக்குளம்:
சார்ஜரில் போட்டும் 8.9தான். மாற்றிவிட்டேன், அதே 35. முதலில் கடைப் பையன் ஆர் எடுத்து வந்தான். "ஒயரைக் கொஞ்சம் இழுத்தால் வந்துடும்" என்றான். போட்டோவைக் காட்டியதும் பேசாமல் உள்ளே போய் எல் எடுத்து வந்தான். பழசைக் கொடுத்ததற்கு விலையில் கழித்தார்கள். இப்போது திருப்பும்போது 10.8. டேஷ்கேமை நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள், அதைக் கழற்றி சாவி போட்டால் மட்டும் ஓடும்படி மாற்றியாயிற்று. ரேடியோவில் அப்பா பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிட்டது. அதற்குத்தான் இப்போது திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.