இரண்டு லேப் போச்சுங்க, ரெக்கார்டில் நண்பனின் ரீடிங்கை எழுதலாமா?

மஞ்சக்காட்டான்:

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு கிராமம், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்போது ஈரோட்டில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம், இரண்டாவது செமஸ்டர். முதல் நாளே மேடம் ஒரு தாளைக் கொடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். இப்போது எடுத்துப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், லேப்புக்குத் தனிக் கணக்கு. அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும், அடுத்த லேப்புக்குள் ரெக்கார்ட் எழுதி வர வேண்டும், கோட்டும் ஷூவும் இல்லாமல் வந்தால் வெளியே.

வீட்டில் மஞ்சள் வேகவைக்கிற நேரம், ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா கூப்பிட்டார், பத்து நாள் போய்விட்டேன். அதில் இரண்டு லேப் போச்சு. ஒன்று பெர்மாங்கனேட்டை வைத்து ஃபெரஸ் சல்பேட் எஸ்டிமேஷன் (எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது), இன்னொன்று இ.டி.டி.ஏ. என்கிற கரைசலை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மை. பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவன் "என் ரீடிங்கை எழுதிக்கடா, யார் பார்க்கிறாங்க" என்கிறான். எழுதலாமா? பத்து நாள் லீவுக்கு எக்ஸாம் எழுத விடாமல் நிறுத்துவார்களா? மேடத்திடம் போகவே பயமாக இருக்கிறது.

நொய்யல்கரை:

தம்பி, முதலில் கணக்கைப் போடு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள் போனால் 75 சதவீதம் வந்துவிடும். 22 நாள் கையில் இருக்கிறது, நீ எடுத்தது 10. அதோடு நிறுத்திக்கொள், இனி நோம்பி, ஒறம்பரை வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். லேப்தான் இடிக்கும். வாரத்துக்கு ஒன்று என்றால் மொத்தம் 15 வரும், அதில் 12 வேண்டும். இரண்டு போய்விட்டதால் இன்னும் ஒன்றுதான் மிச்சம். 75க்குக் கீழே போனால் கண்டொனேஷன் ஃபீஸ் (அட்டெண்டன்ஸ் குறைவை மன்னிக்கிற கட்டணம்) கட்டச் சொல்வார்கள், ரொம்பக் கீழே போனால் அந்த செமஸ்டரே போகும். எல்லை எது என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும், ஆபீஸில் கேட்டுக்கொள்.

காப்பி அடிக்கிறதைப் பற்றி எனக்குப் பேச யோக்கியதை இல்லை, நானும் ஒரு தடவை அடித்தேன் (மாட்டினேன்).

பழைய பிப்பெட்:

நான் கெஸ்ட் லெக்சரர், பல வருஷமாக ரெக்கார்ட் திருத்துகிறேன். யார் பார்க்கிறார்கள் என்று உங்கள் நண்பர் கேட்கிறாரே, பார்க்கவே வேண்டாம், தானாகத் தெரியும். ஃபெரஸ் சல்பேட்டை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவில்தான் ஊற்றிக் கொடுக்கிறோம், தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கி, அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு என்பது எங்கள் நோட்டில் இருக்கிறது. அப்புறம் எப்படி இரண்டு பேருக்கும் ஒரே டைட்டர் வேல்யூ (பிடித்த பெர்மாங்கனேட்டின் அளவு) வரும்? இன்னொன்று, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிற குழாயான பியூரெட்டில் கோடு 0.1 மில்லிக்கு ஒன்று. காப்பிக்காரர்கள் 18.37 என்று எழுதி வருவார்கள், அந்த 7ஐ எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு பையன் பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு இண்டிகேட்டர் என்று ஃபினால்ஃப்தலீனை எழுதியிருந்தான். நண்பனின் ரெக்கார்டில் முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். பெர்மாங்கனேட்டுக்கு இண்டிகேட்டரே வேண்டாம், அதுவே நிறம் காட்டும், நிலையான இளஞ்சிவப்பு வந்தால் முடிந்தது. அந்தக் கரும் ஊதாவில் திரவ மட்டத்தின் கீழ்வளைவு தெரியாது, அதனால் மேல்மட்டத்தைத்தான் ரீடிங்காக எடுக்கிறோம். இதெல்லாம் ஒரு தடவை பியூரெட் முன்னால் நின்றால் தெரிந்துவிடும், நிற்காதவனிடம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இரண்டு கேள்வி போதும்.

அன்றைக்கே கையெழுத்து என்கிற விதி உங்களைப் படுத்துவதற்காக இல்லை. தப்பான ரீடிங் என்றாலும் கையெழுத்து இருந்தால் நீங்கள் செய்தீர்கள் என்று அர்த்தம், பிழை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். சல்ஃப்யூரிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், ரீடிங் கூடிப்போகும். அப்படி வந்த நோட்டைப் பார்த்து "எந்த பாட்டில்லப்பா எடுத்த?" என்று கேட்டிருக்கிறேன். நேராக மேடத்தைப் பாருங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், ரிப்பீட் லேப் கேளுங்கள். மஞ்சள் வேகவைக்கப் போனது கேவலமில்லை.

கரூர்க்காரன்:

பிப்பெட் சார் சொல்வது சரி, ஆனால் எல்லா காலேஜிலும் ரிப்பீட் தருவதில்லை. நாங்கள் படிக்கும்போது கேட்டால் "அப்போ வந்திருக்கணும்" என்று முடித்துவிட்டார்கள், கடைசியில் ரெக்கார்டில் பொனஃபைட் கையெழுத்து (இவனே செய்தது என்கிற சான்று) இல்லாமல் பிராக்டிகல் எக்ஸாமுக்கு விட மாட்டோம் என்றதும் ஊரே உட்கார்ந்து காப்பி அடித்தது. விதி போடுகிறவர்கள் அதற்கு ஒரு வழியும் வைக்க வேண்டும். தமிழ் மீடியத்தில் இருந்து வருகிறவனுக்கு இங்கிலீஷில் ப்ரொசீஜர் எழுதுவதே பெரிய பாடு, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மஞ்சக்காட்டான்:

போய்ப் பார்த்தேனுங்க. லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தார்கள், என்னையும் கழுவச் சொன்னார். சோப்புத் தண்ணீரில் கையை விட்டதும் விரலெல்லாம் சிவந்துபோச்சு, பத்து நாள் மஞ்சள் கறை அல்லவா. மேடம் பார்த்துவிட்டு "ஏன்டா சிவக்குது?" என்றார். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று பள்ளியில் படித்ததைச் சொன்னேன். திட்டு விழும் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பொழுதோட மற்ற இரண்டு பசங்களோடு சேர்ந்து வரச் சொன்னார், கடினத்தன்மைக்கு உன் ஊர்த் தண்ணீரையே கொண்டுவா என்றார்.

எங்கள் தோட்டத்து போர்வெல் தண்ணீரும் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரும் தனித்தனி பாட்டிலில் எடுத்துப் போனேன். போர்வெல் தண்ணீர் 20 மில்லிக்கு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. 8.4 மில்லி பிடித்தது, ஒயின் சிவப்பு போய் நீலம் வந்த நொடி ஒரு சொட்டுதான். கணக்குப் போட்டால் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக, லிட்டருக்கு 420 மில்லிகிராம். குடிக்கிற தண்ணீருக்கு 200 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை என்று மேடம் சொன்னார். அம்மா பருப்பு வேகமாட்டேங்குது என்று புலம்புவது சும்மா இல்லை. வாய்க்கால் தண்ணீர் ரொம்பக் குறைவாகவே பிடித்தது. ஃபெரஸ் சல்பேட் அடுத்த வெள்ளி.

ஒரு சந்தேகம், ரெக்கார்டில் லேப் நடந்த பழைய தேதியைப் போடுவதா, நான் செய்த தேதியைப் போடுவதா?

பழைய பிப்பெட்:

செய்த தேதிதான் தம்பி. அந்த 8.4ஐ அடித்துத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.