மைனஸ் 40 காட்டுதா? உடனே சென்சரை வாங்காதீங்க

வண்டியில என்ஜின் லைட் எரிஞ்சா, கம்ப்யூட்டர் பதிவு பண்ற பழுது எண்ணை (கோட்) எப்படிப் பார்க்கிறதுன்னு ராம்நாட் கடலோரத்து மூணு ஊர்க்காரங்க சொல்றாங்க.

மண்டபம் ஊரிலிருந்து:
டேஷ்போர்டுக்கு அடியில இருக்குற 16 பின் சாக்கெட்டில் கோட் படிக்கிற ஸ்கேனரைச் செருகி சாவியை ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கோட் வந்ததும் கை தானா அழிக்கத்தான் போகும். பொறுங்க. கோட் விழுந்த நேரத்து ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எல்லாம் ஸ்கேனர்ல ஃப்ரீஸ் ஃப்ரேம்ங்கற பக்கத்துல இருக்கும். முதல்ல அதை போட்டோ எடுத்துக்கங்க. அழிச்சா அதுவும் போயிடும்.

கடலோர வண்டிகள்ல அடிக்கடி வர்றது பி0113, உள்ளே போற காற்றோட சூட்டைப் பார்க்குற சென்சர். லைவ் டேட்டா மைனஸ் 40 டிகிரின்னு காட்டும். சித்திரை வெயில்ல, ராம்நாட்ல! சர்க்யூட் எங்கயோ அறுந்திருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். சென்சரோட கப்ளரை (ஒயர் பிளக்) கழற்றி, ஒயர் பக்கத்து ரெண்டு பின்னையும் துண்டு ஒயரால சேர்த்துப் பாருங்க. ரீடிங் நூறைத் தாண்டி எகிறுனா ஒயரிங் சரி. சென்சர் போயிருக்கு, இல்லேன்னா அதோட பின்னுல களிம்பு. மைனஸ் 40லயே நின்னா கோளாறு ஒயர் பக்கம், புது சென்சர் போட்டும் அதே கோட்தான். உள்ளே போற காற்றை அளக்குற ஏர்ஃப்ளோ மீட்டரோட சேர்ந்த நாலு, அஞ்சு பின் கப்ளர்னா வயரிங் படம் இல்லாம தொடாதீங்க, உள்ளேயே 12 வோல்ட் ஒயரும் இருக்கும்.

பச்சைக் களிம்புக்கு கான்டாக்ட் கிளீனர் போதும். உப்புல வந்ததை உப்புத்தாளால தேய்ச்சா பின் மேல இருக்குற பூச்சும் போய், இன்னும் சீக்கிரமா அரிக்கும்.

தொண்டியிலிருந்து:
அண்ணன் சொன்னது ஒத்தைக் கோட்டுக்கு. மீன் ஏத்துற வண்டியில சம்பந்தமில்லாம நாலஞ்சு கோட் ஒண்ணா வந்தா எர்த்தை (பேட்டரி மைனஸ்லேர்ந்து என்ஜினுக்கும் பாடிக்கும் போற ஒயர்) பாருங்க. ஐஸ் பெட்டித் தண்ணி ஒழுகி போல்ட்டுக்கு அடியில துரு ஏறியிருக்கும். மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. சோதிக்கிறப்ப என்ஜின் ஓடணும், ஹெட்லைட் எரியணும். மல்டிமீட்டரோட கறுப்பு ஒயர் பேட்டரி மைனஸ்ல, சிவப்பு என்ஜின் பிளாக்ல. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயரைக் கழற்றி, போல்ட் உட்கார்ற இடத்தைச் சுரண்டி, முறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. பாடிக்கும் இதே சோதனைதான்.

கீழக்கரையிலிருந்து:
தனுஷ்கோடி மணல்ல ஓடிட்டு வந்து ஏபிஎஸ் (வீல் பூட்டாம பார்த்துக்குற பிரேக்) லைட் எரியும், போன் ஆப்போட சேர்ற புளூடூத் ஸ்கேனர் ஈஎல்எம்327 "கோட் இல்லை"ங்கும். நம்பாதீங்க பாய். சாதா ஆப் என்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் கேட்கும். சி0035 மாதிரி வீல் சென்சர் கோட் எடுக்க ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர் வேணும்.

ஸ்கேனர்ல லைட்டே வரலேன்னா சாக்கெட்டோட 16ஆம் பின்னுக்கு வர்ற ஃபியூஸைப் பாருங்க, ஸ்கேனருக்கு கரன்ட் அதுலதான் வரும். நிறைய வண்டியில சார்ஜர் சாக்கெட்டுக்கும் அதே ஃபியூஸ்தான்.