மழை நாளில் நடுங்கும் கூரை விளக்கு: பழைய தோட்ட வீட்டில் எதுவரை நாமே பார்க்கலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகி

வணக்கம். சுங்கை சிப்புட்டை ஒட்டிய, முன்பு தோட்டத்துக்குச் சொந்தமாயிருந்த பலகை வீட்டில் என் பெற்றோர் குடியிருக்கிறார்கள். முன்கூடத்துக் கூரையிலுள்ள நான்கடி டியூப் லைட் சில வாரங்களாக நடுங்கி எரிகிறது. டியூபையும் ஸ்டார்ட்டரையும் மாற்றியும் பயனில்லை. மழை பெய்யும் மாலைகளில் தொல்லை கூடுகிறது; சுவிட்சைப் போட்டதும் சில வேளைகளில் இரைச்சலோடு லேசான கருகல் வாடையும் வருகிறது. ஆனால் ஃபியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை என்பதால், தானே ஏணியில் ஏறிப் பார்ப்பதாக அப்பா சொல்கிறார். அவரை எதுவரை பார்க்க விடலாம்?

பதில்: தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஒயரிங் வேலை பார்த்தவர்

வணக்கம் அம்மா. கருகல் வாடை வந்த விளக்கை இன்று முதல் போடவே வேண்டாம்.

ஃபியூஸ் போகவில்லை என்பதை நல்ல அடையாளமாகக் கொள்ளாதீர்கள். இணைப்புத் திருகு தளர்ந்தால் அந்த ஓர் இடம் மட்டும் சூடேறிப் பொறி பறக்கும். மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் ஃபியூஸ் உருகாது, தரைக்குக் கசியாததால், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருந்தாலும் அது விழாது. மழையில் தொல்லை கூடுவதைப் பார்த்தால் தகரக் கூரையின் ஒழுகல் அந்த இணைப்பை எட்டுகிறது என்றே நினைக்கிறேன். சோக் பழுதானாலும் இரைச்சலும் வாடையும் வரும், ஆனால் அது மழையைப் பார்த்து வராது.

சுவிட்சை அணைத்துவிட்டால் விளக்கில் மின்சாரம் இல்லை என்று அப்பா நம்பிவிடக் கூடாது. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்சை, மின்சாரம் வரும் சிவப்பு ஒயரில் வைக்காமல், திரும்பிச் செல்லும் கறுப்பு ஒயரில் (நியூட்ரல்) வைத்திருப்பார்கள். அங்கே விளக்கு அணைந்த பிறகும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். டெஸ்ட் பேனாவும் முழுத் துணையன்று, ஏனெனில் அது பிடித்திருப்பவரின் உடல் வழியாகத் தரைக்குப் பாதை கிடைத்தால்தான் ஒளிரும். மர ஏணியில் நிற்பவர் கையில் அது எரியாமலே இருந்துவிடலாம். ஆகவே பகல் வெளிச்சத்தில் மெயின் சுவிட்சை அணைத்து, அந்த விளக்கின் ஃபியூஸையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளட்டும். மூடியைத் திறப்பது ஒயர்மேன் வேலை.

பதில்: பாகான் செராய் வாசகர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மிகப் பழைய ஒயரிங்கில் ரப்பர் உறை இருக்கும். அது காய்ந்து, சற்று வளைத்தாலே உதிரும் நிலையில் இருப்பதால், மூடியைத் திறந்து ஒயரை அசைப்பதே புதிய பழுதை உண்டாக்கும். கூரைக்குக் கீழுள்ள உள்தட்டு (சீலிங்) பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தட்டாக இருந்தால் அதில் துளையிடவோ உடைக்கவோ கூடாது. புது விளக்கு வாங்கினால் அதில் பழுப்பும் நீலமும் இருக்கும். வீட்டுச் சிவப்புக்குப் பழுப்பு, கறுப்புக்கு நீலம். மலேசிய எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற ஒயர்மேனையே அழையுங்கள்.

சுங்கை சிப்புட் வாசகி

மிக்க நன்றி. அப்பா ஒப்புக்கொண்டார். விளக்கின் மேலுள்ள பலகையில் நீர்க்கறையும், திருகுகளில் பச்சைக் களிம்பும் தெரிகின்றன. இன்னொன்றும் கவனித்தோம்: இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் அடுப்படி விளக்கும் மங்குகிறது.

பதில்: தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஒயரிங் வேலை பார்த்தவர்

களிம்பு ஈரத்தை உறுதிப்படுத்துகிறது. அடுப்படி விளக்கும் நன்றாகத் தெரியும்படி மங்குகிறது என்றால் மெயின் பெட்டியிலோ அதற்கு முன்போ இன்னோர் இணைப்பும் தளர்ந்திருக்கலாம். ஒயர்மேன் வரும்வரை இஸ்திரிப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். எப்போதாவது விளக்குகள் மங்குவதற்கு மாறாக அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் நியூட்ரல் அறுந்திருக்கக் கூடும். உடனே மெயினை அணைத்து, மின்விநியோக நிறுவனமான தேனாகாவின் 15454 எண்ணை அழையுங்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுப் பக்கம் இருப்பதை நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒயர்மேன் வந்தால் விளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து 500 வோல்ட்டில் ஒயர்களின் காப்பு உறையைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் ஒயரை மாற்றியே ஆக வேண்டும். பீங்கான் ஃபியூஸ் பெட்டிக்குப் பதிலாகப் புதுப் பெட்டி போடும்போது முழு வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்), சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூரைத் தகரத்தின் ஒழுகலை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய இணைப்பும் அடுத்த மழையில் நனையும்.